முதல் வரியில் தலைவர்

எங்கள் சங்கத்தின் கணினி ஒரு பழைய இரும்புப் பெட்டி. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் நான் வேலை செய்யும் கிடங்கில் கழித்துப் போட்டதை நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு வந்து, லினக்ஸ் போட்டு, சங்க மண்டபத்தின் பின்னறையில் குடியிருத்தினேன். அன்றிலிருந்து அதற்கு நான்தான் கடவுள். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. லினக்ஸில் ரூட் என்று ஒரு பயனர் உண்டு. ரூட் எதையும் செய்யலாம், எவரையும் சேர்க்கலாம், எதையும் அழிக்கலாம், ஏன் என்று கேட்க ஆளில்லை. சொந்த வீட்டில் தேநீருக்கு இன்னும் அரைக்கரண்டி சீனி போடும் அதிகாரம்கூட இல்லாத எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப் போயிற்று. சீனி அதிகாரம் என் மனைவி யோகமலரிடம் இருக்கிறது.

செல்வரட்ணம் என்ற என் பெயர் சங்கத்தில் எவருக்கும் அவ்வளவாக நினைவில்லை. "கொம்பியூட்டர்காரன்" என்றால் தெரியும். கலைவிழா, ஒளிவிழா, கலியாணம், செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எதுவானாலும் மண்டபத்திலிருந்து உலகத்துக்கு நேரலையாகக் காட்டுவது நான். பெரிய காணொளித் தளம் ஒன்றில்தான் முன்பு காட்டினோம். ஒரு கலியாணத்தில் நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டு வாசித்ததும் அது பதிப்புரிமை என்று சொல்லித் தாலி கட்டும் நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் பெட்டியிலிருந்தே காட்டுகிறோம். எங்கள் பெட்டி எந்தப் பாட்டையும் நிறுத்தாது என்று நான் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

இந்த நிலையில்தான் தவராஜாவின் நெஞ்சில் கத்தி வைத்தார்கள். வைத்தது வைத்தியர்கள்தான், பயப்பட வேண்டாம். தவராஜா என் கூட்டாளி. முதன்முதலில் மீன் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய காலத்திலிருந்து பழக்கம். அவனுடைய ஒரே மகள் அபிதாவின் கலியாணத்துக்கு நாள் குறித்து, மண்டபம் எடுத்து, மாப்பிள்ளை வீட்டார் கனடாவிலிருந்து விமானச்சீட்டும் எடுத்த பிறகு அவனுக்கு மாரடைப்பு வந்தது. சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் கலியாண நாளன்று கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நாளைத் தள்ளிப் போடலாம் என்று அபிதா அழுதாள். தவராஜா சம்மதிக்கவில்லை. நல்ல முகூர்த்தத்தை விட்டால் பிறகு எப்போது வருமோ என்ற பயம் அவனுக்கு. தன் உயிரைப் பற்றிய பயமும் அதற்குள் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

நான் வைத்தியசாலைக்குப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"செல்வா, மற்றதெல்லாம் பார்க்காட்டிலும் பரவாயில்லை. தாலி கட்டுறதை மட்டும் நான் பார்க்க வேணும்."

"நானிருக்கிறன்," என்றேன்.

இந்தச் சொல்லை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் பலர் இப்போது என்னோடு கதைப்பதில்லை. தவராஜா நல்லவன், நம்பினான். அவனுடைய தட்டுக்கணினியில் தொட்டதும் எங்கள் நேரலைப் பக்கத்தைத் திறக்கும் சின்னப் படம் ஒன்றைத் திரையின் முதல் இடத்தில் வைத்துக் கொடுத்தேன். மூன்று கமெரா போடுகிறேன், ஐயரின் மூக்குமயிர்கூடத் தெரியும் என்றும் சொல்லி வைத்தேன்.

வீட்டுக்கு வந்து சும்மா இருந்திருக்கலாம். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டியது அதற்குப் பிறகுதான்.

எங்கள் கிடங்கின் கணினிகளுக்குக் கோபன்ஹேகனிலிருந்து மேற்பார்வை செய்பவர் நந்திதா. மதுரைப் பக்கம் ஊர், கோபன்ஹேகனுக்குப் பக்கத்து இஷொயில் குடும்பம். ஒருநாள் வேலை விஷயமாக என் திரையைப் பகிர்ந்துகொண்டிருந்தபோது சங்கக் கணினியின் சாளரமும் கூடவே திறந்து கிடந்தது. வரி முடிவில் ஹாஷ் அடையாளம் நின்றால் அங்கே இருப்பவர் ரூட் என்று அர்த்தம். நந்திதா அந்த ஹாஷைக் கண்டுவிட்டார். செருப்போடு மூலஸ்தானத்துக்குள் நிற்பவனைக் கண்டவரைப் போல, எப்போதும் இப்படியா என்று கேட்டார். எப்போதும்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

"சார், நீங்க ரூட்டா மாறவே வேண்டாம். எந்த வேலைக்குப் பவர் வேணுமோ, அந்த ஒரு வேலைக்கு மட்டும் சூடோ போட்டுக்கங்க. மத்தவங்களுக்கும் அவங்க வேலைக்கு என்ன தேவையோ அதை மட்டும் குடுங்க."

சூடோ எனக்குத் தெரியாததல்ல. ஒரு கட்டளைக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போட்டால், அந்தக் கட்டளைக்கு மட்டும் ரூட்டின் அதிகாரம் இரவலாகக் கிடைக்கும். கட்டளை முடிந்ததும் அதிகாரம் போய்விடும், நீங்கள் பழையபடி செல்வரட்ணம். பழையபடி செல்வரட்ணம் ஆவதில் எனக்கு விருப்பம் இல்லாததால்தான் அதை நான் பாவிக்கவில்லை. ஆனால் ரூட்டாக உட்கார்ந்திருப்பவன் ஒரு இடைவெளி கூடுதலாகத் தட்டினாலே முழுக் கணினியும் போய்விடும் என்று நந்திதா சொன்னதும் எனக்குத் தவராஜாவின் முகம் நினைவுக்கு வந்தது. கலியாணத்துக்கு முன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். ரூட்டுக்குள் நேரடியாக நுழையும் வழியைப் பூட்டிவிடச் சொன்னார் நந்திதா. பூட்டுமுன் எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கும்படியும் சொன்னார். முதல் பாதியை மட்டும் கேட்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம்.

யாருக்கு என்ன அதிகாரம் என்று எழுதி வைக்க சூடோவுக்கு ஒரு கோப்பு உண்டு. விஷயம் அவ்வளவுதான், அரை மணி நேர வேலை. ஆனால் நான் அதை நிர்வாகக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அதிகாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் வடையைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தலைவர் சபாரத்தினம் அண்ணைக்குக் கணினியைத் திறக்கவே தெரியாது. ஆனாலும் தன்னுடைய அதிகாரம் எவ்வளவு என்று கேட்டார். ஒளிபரப்பு நின்றுபோனால் மறுபடி தொடக்கும் கட்டளை ஒன்றே போதும் என்றேன். பொருளாளர் கிறிஸ்துநாயகத்துக்கு எவ்வளவு என்று கேட்டார். அவருக்கும் அதே என்றேன். தலைவர் வடையை வைத்துவிட்டார்.

எங்கள் சங்கத்தைத் தெரியாதவர்களுக்கு இது விளங்காது. எங்களிடமிருந்து ஒரு சங்கம் பிரிந்துபோய் இன்று பிரெடெரிசியாவில் தனியாகக் கலைவிழா வைக்கிறது. பிரிவுக்குக் காரணம் கொள்கையோ காசோ அல்ல. அழைப்பிதழில் ஒருவருடைய பெயர் இரண்டாவதாக வந்திருக்க வேண்டும், நான்காவதாக வந்துவிட்டது. ஆகவே எனக்கு வேறு வழி இருக்கவில்லை. நந்திதா சொன்ன தேவை என்ற சொல்லை ஓரமாக வைத்துவிட்டு, அழைப்பிதழ் அடிப்பது போலவே அந்தக் கோப்பை எழுதினேன். முதல் வரியில் தலைவர், எல்லா அதிகாரத்தோடும். இரண்டாவது வரியில் அடக்கமாக நான், எல்லா அதிகாரத்தோடும். உண்மையில் வேலை செய்யப்போகிறவன் நான் ஒருவன்தான், ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. மூன்றாவதாக, கடைசி வரியாக, நிர்வாகம் முழுவதற்கும் பொதுவாக ஒன்று: ஒளிபரப்பை மறுபடி தொடக்கலாம், வேறு எதற்கும் அனுமதி இல்லை. அழைப்பிதழில் கடைசியில் "மற்றும் நிர்வாக உறுப்பினர்கள்" என்று வருமே, அதுபோல.

கோப்பைச் சேமித்தேன். எழுத்துப்பிழை இல்லை என்று கணினியும் ஒப்புக்கொண்டது. ஒளிபரப்பை மறுபடி தொடக்கிப் பார்த்தேன், வேலை செய்தது. ரூட்டின் வாசலைப் பூட்டிவிட்டு வெளியே வந்தேன். வீட்டில் யோகமலரிடம் இனி நான் ரூட் இல்லை, பணிவானவன் ஆகிவிட்டேன் என்று சொன்னேன். எப்போதிருந்து என்று கேட்டாள்.

கலியாண நாள் வந்தது. மண்டபத்தில் நானூறு பேர் இருப்பார்கள். மணவறையை மேடையின் முழு அகலத்துக்கும் போட்டிருந்தார்கள். கணினி இருக்கும் பின்னறையின் கதவு அதற்குப் பின்னால் போய்விட்டது. எனக்கு அதில் கவலை இல்லை. நான் மண்டபத்தின் ஓரத்தில் மேசை போட்டு, மடிக்கணினி வழியாகவே எல்லாவற்றையும் நடத்துகிறவன். பட்டுவேட்டி கட்டி, காதுக்கருவி மாட்டிக்கொண்டு, போகிற வருகிறவர்கள் பார்க்கும்படியாக முகத்தைக் கடுமையாக வைத்திருந்தேன்.

அபிதா கூறைச்சேலை மாற்ற உள்ளே போன நேரத்தில் படம் நின்றது.

மறுபடி தொடக்கினேன். ஒரு நொடி வந்தது, நின்றது. காரணத்தைப் பார்த்தேன். கணினியில் இடமில்லை. ஒவ்வொரு விழாவையும் காட்டும்போது கூடவே பதிவும் செய்து வைப்பது என் வழக்கம். நிறைந்து போயிருந்தது. பெரிய விஷயமே இல்லை, பழைய விளையாட்டுப் போட்டி ஒன்றை அழித்தால் போதும். நான்கு வருடத்துக் கயிறிழுத்தல் முழுக்க அதற்குள் கிடந்தது. அழிக்கச் சொன்னேன். அனுமதி இல்லை என்றது. ரூட்டாக இருந்த காலத்தில் பதிவு செய்தவை எல்லாம் ரூட்டின் சொத்து, செல்வரட்ணம் தொட முடியாது. நல்லது, இதற்குத்தானே சூடோ என்று முன்னால் அந்தச் சொல்லைப் போட்டு, என் கடவுச்சொல்லையும் கொடுத்தேன்.

மன்னிக்கவும், இந்தப் பயனருக்கு இந்தக் கட்டளையை ரூட்டாக இயக்க அனுமதி இல்லை என்று பதில் வந்தது.

திரும்பவும் தட்டினேன். திரும்பவும் மன்னிக்கச் சொன்னது. நான் தூக்கிக்கொண்டு வந்து குடியிருத்திய பெட்டி என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டது. நெற்றி வியர்த்து, பூசியிருந்த சந்தனம் மூக்கு வழியாக இறங்கியது.

நந்திதாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சனிக்கிழமை, பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அந்தக் கோப்பில் என்ன எழுதினேன் என்று வரி வரியாகச் சொன்னேன். மூன்றாவது வரியைச் சொன்னதும் பிள்ளைகளை அமைதியாக இருக்கச் சொன்னார்.

"சார், சூடோ மேலருந்து கீழ படிக்கும். உங்களுக்குப் பொருந்துற லைன் ரெண்டு மூணு இருந்தா, கடைசியா வர்றதுதான் செல்லும். நீங்களும் நிர்வாகத்துல ஒருத்தர்தானே?"

ஆம், நானும் நிர்வாகத்தில் ஒருவன்தான். முதலிரு வரிகளில் கொடுத்த மாலையைக் கடைசி வரி கழற்றிவிட்டது. பந்திக்கு முந்து என்பார்கள், இந்தப் பந்தியில் கடைசியில் குந்தியவனுக்குத்தான் சாப்பாடு என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னார்கள், சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். கோப்பைத் திருத்த வேண்டுமானால் சூடோ வேண்டும், சூடோ வேண்டுமானால் கோப்பைத் திருத்த வேண்டும். ரூட்டின் வாசலையும் என் கையாலேயே பூட்டியாயிற்று. ஒரே வழி, கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, வேறொரு லினக்ஸை யூஎஸ்பியில் போட்டுத் தொடக்கித் திருத்துவது. கணினி மணவறைக்குப் பின்னால் இருந்தது. மணவறையைப் பிரிக்க எனக்கு எந்தக் கோப்பிலும் அதிகாரம் இல்லை.

இதற்குள் விஷயம் பரவிவிட்டது. கனடாவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் படம் வரவில்லை என்று ஆட்களுக்கு அழைப்பு வரத் தொடங்கியது. கிறிஸ்துநாயகம் வந்து, தனக்குத் தந்த அதிகாரத்தைத் தானும் ஒருதரம் பாவித்துப் பார்க்க வேண்டும் என்றார். மறுபடி தொடக்கினார். ஒரு நொடி வந்தது, நின்றது. அவருக்குத் திருப்தி. பிறகு தலைவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

"எனக்கு எல்லா அதிகாரமும் தந்தனெண்டு சொன்னனீரெல்லோ. விலத்தும், நான் அழிக்கிறன்."

தலைவரின் பெயரில் நுழைந்து, ஒற்றை விரலால் அவர் தட்டத் தட்ட எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தேன். கணினி தலைவரிடமும் மன்னிப்புக் கேட்டது. மரியாதையில் குறை வைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் இன்னொரு சங்கம் பிரியப்போவது தெரிந்தது.

நந்திதா இன்னும் இணைப்பில்தான் இருந்தார். வீடியோ கால் போட்டுக் காட்டலாமே என்றார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. மூன்று கமெராவும் ஒரு சேவையகமும் வைத்திருப்பவனுக்குத் தன் சட்டைப்பையில் இருப்பது ஒரு கமெரா என்று எப்படித் தோன்றும்? நந்திதாவின் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தவராஜாவை அழைத்தேன். மணி அடிக்கவில்லை, வேறு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. மறுபடி, மறுபடி, அதே பதில். யாரோ ஒரு சொந்தக்காரன் இந்த நேரம் பார்த்து அவனிடம் சுகம் விசாரித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தேன். அல்லது படம் வரவில்லை என்று அவன்தான் ஆள் ஆளாக அழைத்துக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். கட்டிலில் தட்டுக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, கறுத்த திரையைப் பார்த்தபடி அவன் இருக்கும் கோலம் என் கண்ணுக்குள் வந்து நின்றது. நெஞ்சில் தையல் போட்டவன். அவனுக்கு ஏதாவது ஆனால் அதற்குக் காரணம் நான் ஒழுங்குபடுத்திய வரிசை.

அபிதா கூறையோடு வந்து மணவறையில் உட்கார்ந்துவிட்டாள். தாலித்தட்டு சபையில் ஆசீர்வாதத்துக்குச் சுற்றி வரத் தொடங்கியது. மேளக்காரர் ஐயரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் இனிச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். போய் உண்மையைச் சொல்லித் தாலியை நிறுத்தி வைக்க வேண்டும். நானூறு பேருக்கு முன்னால்.

காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்தேன். யோகமலர் முன்வரிசையிலிருந்து எங்கே போகிறாய் என்று கண்ணால் கேட்டாள். நான் பார்க்காதது போல மேடையில் ஏறினேன். சப்பாத்தைக் கழற்ற மறந்துவிட்டேன். ஐயர் மந்திரத்தை நிறுத்தாமலே என் காலைப் பார்த்தார். நான் மணமக்களுக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றேன். மாப்பிள்ளைப் பொடியன் வாழ்த்த வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கை கூப்பினான்.

"பிள்ளை, கொப்பாவுக்குப் படம் போகேல்லை. எல்லாம் என்ரை பிழை. தாலியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு. நான் எப்பிடியும் அவருக்குக் காட்டிப்போட்டுத்தான்..."



அபிதா தலை குனிந்தபடியே டேனிஷில் மெதுவாகச் சொன்னாள். அப்பா காலையிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார், நேற்றே கதைத்து வைத்தோம், நீங்கள் பாவம் என்று உங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் முதுகுப் பக்கமாகக் கண்ணைக் காட்டினாள். அதே நேரம் என் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஐயரின் ஒலிவாங்கி பக்கத்திலேயே இருந்ததால் மண்டபத்துக்கே கேட்டது.

"செல்வா, தள்ளி நில்லடா. உன்ரை முதுகுதான் தெரியுது. பிள்ளையைக் காணேல்லை."

திரும்பிப் பார்த்தேன். நிறைகுடத்தின் மேல் ஒரு கைத்தொலைபேசியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதற்குள் தவராஜா, வைத்தியசாலைச் சட்டைக்கு மேல் பட்டுச்சால்வை போட்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு டேனிஷ் தாதி அட்சதை அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது எறிவது என்று தெரியாமல் காத்துக்கொண்டிருந்தாள். சபை சிரித்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவன் நன்றாக இருக்கிறான், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான் என்ற சந்தோஷம் வெட்கத்தையும் மீறி வந்தது. இரண்டும் சேர்ந்து கண்ணை மறைத்ததில் நான் அசையாமல் அதே இடத்திலேயே நின்றேன்.

"டேய், கட்டப்போகினம். தள்ளு," என்றான் தவராஜா. இந்த முறை கெஞ்சினான்.

ஐயர் கையை உயர்த்தினார், கெட்டிமேளம் கொட்டியது. நான் சப்பாத்துக் காலோடு ஓர் எட்டுப் பக்கவாட்டில் வைத்தேன். தவராஜா தன் மகளின் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தான். அந்த ஒளிபரப்புக்கு நான் செய்த ஒரே வேலை அதுதான்.